பச்சை உடம்பைத் தொடும் முறை

அத்தியாயம் 7: சிசேரியனுக்குப் பிறகு வலி தணிக்கும் கை

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்தி வேண்டிக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுகப்பிரசவத்துக்கான நேர்த்திக்கடன் அது. இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியது. பிள்ளைப்பேறு பார்க்கப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்டாள். மகள் தவித்த தவிப்பைப் பொறுக்காமல் ஈசனே அந்தத் தாயின் உருவில் வந்து, கூடவே இருந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். வெள்ளம் வடிந்து பெற்றவள் வாசலில் வந்து நின்றபோதுதான் முன்பு வந்தவர் யார் என்று தெரிந்ததாம். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் ஒரு தாயின் கை வேண்டும் என்பதைச் சாமியின் பெயராகவே வைத்திருக்கிற ஊர் இது.

அந்தக் கைக்கு இன்று புதிதாக ஒரு பாடம் தேவைப்படுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நாடு முழுவதற்கும் இது 21.5 சதவீதம்தான். நம் வீடுகளில் வழிவழியாக வரும் எண்ணெய்த் தேய்ப்பு, வேது, வயிறு கட்டுதல் எல்லாம் சுகப்பிரசவத்து உடம்புக்காக வந்த வழக்கங்கள். அறுவை நடந்த உடம்பில் அவற்றை அப்படியே செய்தால் ஆறுதலுக்குப் பதில் கேடு வரும். அதற்குப் பயந்து தொடாமலே விட்டுவிட்டாலோ, தாய் தோள் வலியோடும் இடுப்பு வலியோடும் தனியாகக் கிடந்து தவிப்பாள். எந்த இடத்தை, எந்த நாளில், எவ்வளவு அழுத்தித் தொடலாம் என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயம்.

ஒரு வீட்டில் நடந்தது

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மகளுக்குச் சிசேரியன் ஆகிப் பன்னிரண்டாம் நாள். குளிப்பாட்டிவிட வழக்கமாக வரும் ஆயா, அவளை மணையில் உட்காரவைத்து, கொதிக்கக் கொதிக்க விளாவிய தண்ணீரைச் சொம்பில் மொண்டு அடிவயிற்றில் ஓங்கி ஊற்றினார்.

"அங்க வேணாம் ஆயா, காந்துது" என்றாள் மகள்.

"ஓங்கி ஊத்தினாத்தான் கண்ணு வயிறு உள்ள போகும். கொஞ்சம் பொறுத்துக்க."

அம்மாவும் பக்கத்தில் நின்று "பொறுத்துக்கோடி" என்றார். மறுநாள் தையலின் ஒரு ஓரம் விலகி நீர் கசிந்தது. திரும்ப மருத்துவமனைக்கு ஓடி, ஒரு வாரம் கட்டுப்போட வேண்டியதாயிற்று. அந்த ஆயாவின் கையில் அன்புக்குக் குறைவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கை பழகியது வேறு உடம்பு. "காந்துது" என்று மகள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மதிப்புக் கொடுத்திருந்தால் போதும். இந்த அத்தியாயம் முழுவதற்கும் முதல் விதி அதுதான்: அவள் வேண்டாம் என்றால் கை நிற்க வேண்டும். பிடித்துவிடுவது வலிக்கக் கூடாது. வலித்தால் முறை தவறு, அல்லது இடம் தவறு, அல்லது நாள் இன்னும் வரவில்லை.

உள்ளே என்ன நடந்திருக்கிறது?

வெளியே தெரிவது அடிவயிற்றில் ஒரு சாண் அளவுக்குக் குறுக்கே ஓடும் ஒரு கோடு. உள்ளே தோல், அதற்கடியில் கொழுப்பு, தசையை மூடியிருக்கும் கெட்டியான சவ்வு, வயிற்றறையின் மெல்லிய சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் திறந்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். நடுவிலுள்ள வயிற்றுத் தசையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் விலக்கித்தான் வழி செய்கிறார்கள். மேல்தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். அடியிலுள்ள சவ்வு பழைய பலத்தில் பாதியைப் பெறவே ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். "தையல்தான் பிரிச்சாச்சே" என்று வயிற்றில் கை வைக்கிறவர்கள் மறந்துவிடுவது இந்த உள்தையலை.

சித்த மருத்துவத்தில் பிடித்துவிடும் கலைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை சொல்கிறார்கள். முதல் ஆறு வாரத்துக்கு இவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டுதான்: மென்மையாகப் பிடித்தல், இதமாக அழுத்தல். முறுக்குவதும் இழுப்பதும் தட்டுவதும் இந்த உடம்புக்கு இப்போது ஆகாது.

முதல் மூன்று நாள்: காயத்துக்கு எட்டத்திலிருந்து

மருத்துவமனைக் கட்டிலிலேயே தொடங்கலாம். முதுகில் போட்ட மரப்பு ஊசியின் வேகம் தணிந்து, கால் விரலை அவளே அசைக்கும் வரை காத்திருங்கள். செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பாதத்தில் ஆரம்பியுங்கள்.

1. கையைக் கழுவித் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள்.

2. ஒரு பாதத்தை இரண்டு கைக்குள்ளும் வைத்து, அரை நிமிடம் சும்மா பிடித்திருங்கள். அவள் மூச்சு நிதானப்படுவது உங்களுக்கே தெரியும்.

3. கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை நீவிவிடுங்கள். ஒரு பாதத்துக்கு ஐந்து நிமிடம்.

4. அடுத்த பாதம், பிறகு உள்ளங்கைகள். மருந்து ஏற்றும் ஊசி (வென்ஃப்ளான்) குத்தியிருக்கும் கையைத் தொட வேண்டாம்.

நான்குக்கும் சேர்த்து 20 நிமிடம். ஈரானில் சிசேரியன் ஆன பெண்களுக்கு இப்படி ஐந்தைந்து நிமிடம் கையும் காலும் பிடித்துவிட்டுச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. பிடித்துவிட்டவர்களுக்கு வலியும் மனப்பதற்றமும் குறைந்திருந்தன. ஆனால் இது வலி மாத்திரைக்கு மாற்று ஆகாது, அதோடு சேர்ந்த துணை. "மாத்திரை போட்டால் பால் கெட்டுப்போகும்" என்று நிறுத்திவிடாதீர்கள். பால் கொடுப்பவளுக்கு ஏற்றதைப் பார்த்துத்தான் மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். வலி அடங்கினால்தான் அவளால் எழுந்து உட்காரவும் பிள்ளையை மடியில் ஏந்தவும் முடியும்.

ஒரே எச்சரிக்கை: கெண்டைக்கால். பிரசவத்துக்குப் பிறகு, அதிலும் சிசேரியனுக்குப் பிறகு, காலின் உள் இரத்தக்குழாயில் இரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக, கெண்டையில் வலியோடு இருந்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி லேசாக நீர் கோத்திருப்பது பெரும்பாலும் சாதாரணம்தான். தலையணையில் காலைத் தூக்கி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

வாயுப் பிடிப்பும் இந்த நாள்களில்தான் படுத்தும். அறுவைக்குப் பிறகு குடல் மெல்லத்தான் இயங்கத் தொடங்கும். சிலருக்குத் தோள்பட்டை நுனியில்கூட வலிக்கும். அதற்காக வயிற்றைத் தேய்க்காதீர்கள். மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நான்கு அடி நடப்பதே நல்ல மருந்து. எழும்போது நேராக நிமிரக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால், தும்மினால், ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் வலிக்காது.

வீடு திரும்பியபின்: தோள், கழுத்து, முதுகு

பால் கொடுக்கக் குனிந்து குனிந்து பின்கழுத்தும் தோளும் கல்லாகிவிடும். தாயை முதுகு சாய்ந்து உட்காரச் சொல்லி, பிள்ளைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள். நீங்கள் பின்னால் நின்று, காதுக்குக் கீழிருந்து தோள் முனைவரை கட்டைவிரலால் மெதுவாக இறங்கி வாருங்கள். கட்டி போல் தட்டுப்படும் இடத்தில் குத்த வேண்டாம், அவள் பத்து மூச்சு விடும் வரை அங்கே அழுத்தி வைத்திருந்தால் தானாக இளகும்.

இடுப்புக்குக் குப்புறப் படுக்கவைக்காதீர்கள். இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு முட்டுக்கொடுத்து இன்னொன்று. தண்டுவடத்தின் இருபுறமும் உள்ளங்கையால் கீழிருந்து மேலாக நீவுங்கள். எலும்பின் மேல் அழுத்த வேண்டாம். ஊசி போட்ட இடம் சில நாள் தொட்டால் நோகும், அதை விட்டுவிடுங்கள். "முதுகுல ஊசி போட்டாங்க, இனி ஆயுசுக்கும் இடுப்புவலிதான்" என்ற பேச்சுக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதும், குனிந்து பால் கொடுப்பதும், தளர்ந்த வயிற்றுத் தசையும்தான் பெரும்பாலும் காரணம். உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் குறையும் தலைவலி மட்டும் வேறு விஷயம். அது மரப்பு ஊசியால் வரக்கூடியது. தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பால் கட்டிக்கொண்டால் மார்பைப் பிசைந்து கசக்கும் பழக்கம் உண்டு. அது வீக்கத்தை அதிகமாக்கும். பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுப்பதும், கொடுத்தபின் குளிர்ந்த ஈரத்துணி போடுவதும், தோலின் மேல் அக்குளை நோக்கி இறகால் வருடுவது போல நீவுவதும் போதும். மார்பில் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

எண்ணெயும் குளியலும்

திருச்சிப் பெரிய கடை வீதி நாட்டு மருந்துக் கடையில் போய்ப் "பிள்ளை பெத்த உடம்புக்கு" என்று கேட்டால் என்னென்னவோ எடுத்துக் கொடுப்பார்கள். அத்தனையும் வேண்டியதில்லை. கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். அரசு சித்த மருத்துவப் பிரிவு தாய்மார்களுக்கு வழங்கும் மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தில் உளுந்து தைலமும் பிண்ட தைலமும் இருக்கின்றன. சித்த மருத்துவர் சொல்கிற காலத்தில் அவற்றைப் பூசலாம். எந்த எண்ணெயானாலும் முதலில் முன்கையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேண்டாம்.

எண்ணெயை அடுப்பில் காய்ச்சித் தேய்க்காதீர்கள். கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் பதமாகச் சூடேறும். பாதத்தில் எண்ணெயோடு குளியலறைக்கு நடக்க விடாதீர்கள். வழுவழுப்பான தரையில் பச்சை உடம்புக்காரி வழுக்கி விழுந்தால் தையல் தாங்காது. உட்கார்ந்த இடத்திலேயே துடைத்துவிட்டு, முக்காலி போட்டுக் குளிக்கவையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முதுகில் ஊற்றுங்கள், அது தானாக முன்பக்கம் வழியட்டும். அடிவயிற்றில் ஓங்கி ஊற்றினால் கர்ப்பப்பை சுருங்காது. பால் கொடுக்கக் கொடுக்க அது தன்னால் சுருங்கும்.

காயத்தைச் சோப்பும் தண்ணீரும் பட்டு மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சள், வேப்பெண்ணெய், விபூதி எதுவும் அதன்மேல் வேண்டாம். திருச்சி வெயிலில் மடிந்து தொங்கும் வயிற்றுக்கு அடியில் வியர்வை தேங்கி, தையல் ஊறிப்போவது சகஜம். மின்விசிறியைப் போடுங்கள், காற்று படட்டும். பாவாடை நாடா சரியாகத் தையலின் மேல் விழுந்து உறுத்தும். ஆறு வாரத்துக்கு நைட்டியே உத்தமம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைக்கும் பத்தியத்தை விட்டுவிடுங்கள். பாலுக்கும் மலச்சிக்கல் வராமலிருக்கவும் தண்ணீர் வேண்டும், இரத்தம் உறையாமல் இருக்கவும் அது உதவும்.

வயிறு கட்டுவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். எழுந்து நடக்கும்போது மருத்துவமனையில் கொடுக்கும் வயிற்றுப் பட்டை ஒரு பிடிமானம், வலியும் குறையும். பழைய பருத்திச் சேலையை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்தும், காயத்திலும் வியர்வை தேங்கும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக, பகலில் மட்டும் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பின்: தழும்பு

ஆறாவது வாரப் பரிசோதனையில் மருத்துவர் பார்த்து, காயம் முழுசாக ஆறிவிட்டது என்று சொன்னபிறகே வயிற்றுக்கும் தழும்புக்கும் கை போகலாம். இதை அவளே தன் கையால் செய்துகொள்வது நல்லது. பல பெண்கள் அந்த இடத்தைப் பார்க்கவும் தொடவும் கூசுவார்கள். மரத்துப்போனது போலவோ ஊசி குத்துவது போலவோ இருக்கும். தோலின் சின்ன நரம்புகள் அறுபட்டுத் திரும்பப் பிணையும்வரை அப்படித்தான் இருக்கும். மாதக்கணக்கில் ஆகலாம், பயப்பட ஒன்றுமில்லை.

முதல் வாரம், தழும்பைத் தொடாமல் சுற்றிலும் உள்ளங்கையால் வட்டமாக வருடட்டும். கூச்சம் போக, பஞ்சு, மெல்லிய பருத்தித் துணி, பிறகு துண்டு என்று ஒவ்வொன்றாக அதன்மேல் ஓட்டிப் பழகலாம்.

இரண்டாம் வாரம், இரண்டு விரல் நுனியைத் தழும்பின் மேலேயே வைத்து, தோலோடு சேர்த்து மேலும் கீழும், பிறகு இடமும் வலமும், பிறகு சிறு வட்டமாக நகர்த்தட்டும். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோல் விரலோடு நகர வேண்டும். அதனால் எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் வாரத்திலிருந்து, தழும்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்லத் தூக்கி, சப்பாத்தி மாவை உருட்டுவது போல ஓரத்திலிருந்து ஓரத்துக்கு உருட்டட்டும். அடியிலுள்ள சதையோடு ஒட்டிக்கொண்ட தோல் இதில் இளகும்.

தினம் ஐந்து நிமிடம் போதும். இழுபடும் உணர்ச்சி இருக்கலாம், சுரீர் என்ற வலி கூடாது. தொப்புளைச் சுற்றி வலமிருந்து இடமாக, மேல்வழியே, கடிகாரம் சுற்றும் திசையில் வருடுவதும் இப்போது தொடங்கலாம். பெருங்குடல் போகும் வழி அதுதான், வாயுவும் மலச்சிக்கலும் இறங்கும்.

கையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியவை

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். தையலில் சீழ், நாற்றம், சிவப்பு, அல்லது ஓரம் விலகுவது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுசாக நனையும் உதிரப்போக்கு. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. கண் மங்கலோடு கடுமையான தலைவலி. சிறுநீர் போக முடியாமை. இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு என்றால் உடனே 108.

பிள்ளை பெற்ற முதல் சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்றி, பிள்ளையைப் பார்க்கவும் பிடிக்காமல் இருந்தால் "கண்ணு பட்டுடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். மற்ற உடல்நல ஆலோசனைக்கு 104.

வீட்டிலுள்ளவர்களுக்கு

குளிப்பாட்ட வரும் அம்மாவிடம் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள்: "ஆயா, இது ஆபரேஷன் உடம்பு. கையும் காலும் முதுகும் உங்க பொறுப்பு. வயித்த மட்டும் தொடாதீங்க." அவர்கள் புரிந்துகொள்வார்கள். அனுபவமுள்ள கை அது, எல்லையைச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் கைக்கு நிகரில்லை.

கணவருக்கும் ஒரு சொல். பாதம் பிடித்துவிடப் பயிற்சி வேண்டியதில்லை, வெட்கமும் வேண்டாம். அம்மா அக்கரையில் நின்றுவிட்ட ஒரு நாளில் சாமியே தாயாக வந்து நின்ற ஊரில், பெற்றவளுக்குத் தாயாக இருப்பது பெண்களின் வேலை மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்றிரவு அவள் பால் கொடுத்து முடித்ததும், பிள்ளையை நீங்கள் வாங்கித் தூளியில் போடுங்கள். கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள், அவள் சொன்ன இடத்தில் மட்டும் கை வையுங்கள். இருபது நிமிடம் போதும்.